டாக்வுட் குளிர்

ஏப்ரல் மாதம் பாதி கழியும்போது டார்லா ஹென்ஸ்லிக்கு முதுகுப்பைகளைப் பார்த்தாலே அலுப்பு வந்துவிடும். மார்ச் தொடக்கத்திலிருந்து அவளுடைய வேலை அதுதான். தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில் கிளம்பி மலைமுகடு வழியாகவே வடக்கே மெய்ன் வரை நடக்கப் புறப்பட்டவர்கள் எங்கள் ஊரில் ஒருமுறை கீழே இறங்குவார்கள். ஆற்றுப்பாலத்தைத் தாண்டியதும் எங்கள் கடை. கடைக்குப் பின்னால் கூரை போட்ட தாழ்வாரத்தில் நீலத் தார்ப்பாய் விரித்திருக்கும். வந்தவர் தன் பையை அதன்மேல் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். டார்லா கவிழ்த்துப் போட்ட பால் கூடையின்மேல் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு பொருளாகத் தூக்கி, "இது எதுக்கு?" என்று கேட்பாள். பதில் சொல்ல முடியாத பொருள் வீட்டுக்குப் போகும் பொட்டலத்தில் சேரும். இதற்கு உதறல் என்று பெயர். அவளிடம் உதறிவிட்டுப் போ என்று பின்னால் வருபவர்களுக்கு முன்னால் போனவர்கள் சொல்லியனுப்புவார்கள்.

டார்லா இந்த ஓடைக்கரையில் பிறந்தவள். காலுறை ஆலையில் பின்னல் இயந்திரத்தின் முன் நின்றே பாதி ஆயுள் போயிற்று. ஆலை மூடியபின் இந்தக் கடைக்கு வந்தாள். முட்டி இரண்டும் ஆலையிலேயே தேய்ந்துவிட்டன. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் கம்பளி எது, பருத்தி எது, இரண்டும் கலந்தது எது என்று அவள் விரலுக்குத் தெரியும். ஆனால் நடக்கிறவர்களைப்பற்றி அவளுக்குப் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. "ஆறு மாசம் லீவு கெடச்சா நான் படுத்துத் தூங்குவேன். இதுங்க மலையேறுதுங்க" என்பாள். அவள் சொல்வதை அவர்கள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். கேட்டபடி செய்தும்விடுவார்கள்.

"நடக்க ஒரு செட்டு, தூங்க ஒரு செட்டு. தூங்கற துணிய நடக்கப் போட்டியோ, அன்னிக்கு ராத்திரி உனக்குத் துணியே இல்லன்னு வெச்சுக்கோ."

"ஜீன்ஸா? இதப் போட்டுக்கிட்டு மழையில நில்லு கண்ணு. அது காயறதுக்குள்ள உனக்குக் கல்யாணமே ஆயிடும்."

"கையுறை ஒண்ணு போதாது. ஒண்ணு நனையறதுக்கு, ஒண்ணு நனையாம வெச்சுக்கறதுக்கு."

எங்கள் பக்கத்து வசந்தம் அப்படிப்பட்டது. ஆற்றங்கரையில் வேர்க்கும். அதே நாள் சாயங்காலம் முகட்டில் தண்ணீர் பாட்டில் உறையும். குளிர்காலம் போய்விட்டது என்று எல்லாரும் நம்பியபின் அது திரும்பத் திரும்ப எட்டிப் பார்க்கும். அப்போது எந்த மரம் பூத்திருக்கிறதோ அந்த மரத்தின் பெயரைக் குளிருக்கு வைப்பது எங்கள் ஊர் வழக்கம். முதலில் ஓடையோரம் இளஞ்சிவப்பாகப் பூக்கும்போது ரெட்பட் குளிர். காட்டு விளிம்பெல்லாம் வெள்ளையாகும்போது டாக்வுட் குளிர். மே மாதத்தில் முள்ளுப்புதர் பூக்கும்போது பிளாக்பெர்ரி குளிர். டாக்வுட் குளிர் வந்து போகும்வரை கனமான ஸ்லீப்பிங் பேக்கை யாரும் வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்பது டார்லாவின் சட்டம். மற்ற எதிலும் விட்டுக்கொடுப்பாள். இதில் மட்டும் மாட்டாள்.

அந்த வருஷம் விட்டுக்கொடுத்தாள்.

அது ஒரு சனிக்கிழமை. ஏப்ரலிலேயே ஜூன் மாதத்து வெயில். தாழ்வாரத்தில் ஆண்பிள்ளைகள் சட்டையில்லாமல் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார்கள். பின்னறையில் வீட்டுக்கு அனுப்பும் பொட்டலங்கள் இடுப்பு உயரத்துக்குக் குவிந்துவிட்டன. ஒருவன் பையிலிருந்து பாரம் குறைந்தால் அடுத்தவனுக்கும் ஆசை வரும். காலையிலிருந்து டார்லா எழுந்திருக்கவே இல்லை. நான் கல்லாவிலிருந்து காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். அதுவும் குடிக்காமல் ஆறிப்போயிருந்தது.

அன்றைக்குக் கடைசியாகப் பையைக் கவிழ்த்தவர் எல்லிஸ் ப்ரேத்தர். ஒஹாயோ மாநிலத்துக்காரர். தெருத்தெருவாக நடந்து தபால் கொடுத்து ஓய்வுபெற்றவர். வழியில் ஒருவருக்கொருவர் பட்டப்பெயர் வைத்துக்கொள்வார்கள். அவருக்கு ஸ்டாம்ப் என்று பெயர். நெட்டையான, ஒல்லியான மனிதர். உடம்பில் கொழுப்பு என்று ஒரு ஸ்பூன்கூட இருக்காது.

டார்லா சாம்பல் நிறத் தலைமூடிச் சட்டை ஒன்றைத் தூக்கினாள். தடித்த பருத்தி.

"இது எதுக்கு?"

"ரிட்டயர் ஆனப்ப ஆபீஸ்ல எல்லாரும் சேர்ந்து குடுத்தது."

"யார் குடுத்தாங்கன்னு கேக்கல. எதுக்குன்னு கேட்டேன்."

"சும்மா... ஊருக்குள்ள போறப்ப போட்டுக்க."

"நீங்க போற வழியில ஊரு எங்க இருக்கு? கரடிங்களுக்கா போட்டுக் காட்டப்போறீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே அந்தச் சட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தன் ஸ்லீப்பிங் பேக்கைத் தள்ளி வைத்தார். வாத்துத் தூவி அடைத்தது, பெரிது.

"அம்மா, இத அனுப்பிடலாம்னு பாக்கறேன். உங்க கடையிலயே மெல்லிசா ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன். நேத்து ராத்திரி இதுக்குள்ள படுத்து உருளைக்கெழங்கு மாதிரி வெந்துட்டேன்."

"வேகட்டும். டாக்வுட் குளிர் இன்னும் வரல."

டார்லாவின் கணவன் வெர்லின் வேன் சாவியைச் சுழற்றிக்கொண்டு படியில் நின்றிருந்தான். நடக்கிறவர்களை இங்கும் அங்கும் கொண்டுவிடுவது அவன் வேலை. "வரலயா? போன வாரம்தான வந்துட்டுப் போச்சு" என்றான்.

"அது ரெட்பட் குளிரு."

"டாக்வுட்டு பூத்திருந்துச்சே!"

"மொட்டு விட்டிருந்துச்சு. பூக்கல."

"நம்ம கொல்லையில பூத்திருந்துச்சு. நான் என் கண்ணால பாத்தேன்."

"கண்ணாடி போட்டாலே உனக்கு மரம் எது மாடு எதுன்னு தெரியாது. பூவப் பாத்தானாம்."

"மாட்டத்தான கட்டிக்கிட்டேன், தெரியாமயா இருக்கும்?"

தாழ்வாரமே கைதட்டியது. ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். போன வாரம் இரண்டு ராத்திரி உறைபனி விழுந்தது உண்மை. அது எந்தக் குளிர் என்பதுதான் வழக்கு. ஊர்க்காரர்களே அதில் இரண்டு கட்சியாக இருந்தோம். எல்லிஸ் எதிலும் சேரவில்லை. டார்லாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஸ்லீப்பிங் பேக் ஒன்று போனால் முதுகில் இருக்கும் பாரத்தில் பெரும்பங்கு போய்விடும். அவருக்குத் தோள்பட்டை இரண்டும் சிராய்த்துப் புண்ணாகியிருந்தது.

டார்லா முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். அவளுக்கு எழுந்து வீட்டுக்குப் போக வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் அப்போது வேண்டியிருக்கவில்லை.

"சரி. அதையே டாக்வுட் குளிருன்னு வெச்சுக்கலாம். அனுப்புங்க" என்றாள்.

"நீங்க சொன்னா சரி" என்றார் எல்லிஸ்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் ஆற்றைத் தாண்டி வடக்கே ஏறிப்போனார். அன்று ராத்திரி முதல் கொட்டகை, திங்கட்கிழமை ராத்திரி ஸ்டில்வெல் மொட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கொட்டகை என்று முதல்நாள் சாப்பாட்டு மேசையில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மொட்டை என்பது மரமே இல்லாத புல்முகடு. கொட்டகை என்றால் மூன்று பக்கம் மரச்சுவர், நான்காவது பக்கம் திறந்தே கிடக்கும். உள்ளே படுக்கப் பலகை.

திங்கட்கிழமை நான் கடை திறக்கப் போனபோது கதவு ஏற்கனவே திறந்திருந்தது. காற்று வடமேற்கிலிருந்து வந்தது. ஆற்றின் அக்கரையில் காட்டு விளிம்பு முழுவதும் டாக்வுட் பூத்து வெள்ளையாக ஆடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமைகூட அது அவ்வளவு பூத்திருக்கவில்லை.

டார்லா பின்னறையில் நின்றிருந்தாள். தபால் வண்டி மதியம்தான் வரும், பொட்டலங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. எல்லிஸின் பொட்டலத்தை மட்டும் அவள் தனியே எடுத்து வைத்திருந்தாள். வானொலி மூலையில் பேசிக்கொண்டிருந்தது. மதியத்துக்குமேல் மழை, உயரத்தில் பனிக்கட்டி, ராத்திரி பனிப்பொழிவு, பலத்த காற்று.

"மெல்லிசுப் பையில இன்னிக்கு ராத்திரி அந்த மனுஷன் தாங்கமாட்டாரு" என்றாள். "போன் போட்டேன். மேல எங்க சிக்னலு?"

வெர்லின் வந்தான். "மீட்புக்காரங்களக் கூப்பிடு."

"கூப்பிட்டு என்ன சொல்றது? ஒரு ஆளு காணாமப் போகல, கால ஒடச்சுக்கல. ராத்திரி குளிருல வெறச்சுப்போவாருன்னு எனக்குத் தோணுதுன்னா? விழுந்தப்புறம் கூப்பிடுன்னு சொல்வாங்க."

"சின்னப் பசங்க எவனையாவது அனுப்பேன். தாழ்வாரம் முழுக்கப் படுத்துக் கெடக்கானுங்களே."

"என்னத்தப் போட்டுக்கிட்டுப் போவானுங்க? எல்லாவனோட ஸ்வெட்டரும் இதோ பொட்டலத்துல இருக்கு. பிரிச்சுக் குடுத்தாலும் மேல போற குறுக்கு வழி ஒருத்தனுக்கும் தெரியாது."

வெர்லின் பொட்டலங்களைப் பார்த்தான். அவனுக்கு இடுப்பெலும்பு மாற்றி வைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை, சொன்னாலும் அர்த்தமில்லை. "அது டாக்வுட் குளிருன்னு நான்தான் சொன்னேன்" என்றான்.

"நீ ஆயிரம் சொல்லுவ. அவரு கேட்டது என்னை."

ஸ்டில்வெல் கொட்டகைக்குக் கீழேயிருந்து ஒரு கிளைவழி உண்டு. காட்டுச் சாலை பூட்டிய கம்பிக்கதவில் முடியும். அங்கிருந்து ஓடையோரமாக ஏறினால் கொட்டகைக்கே போய்ச் சேரலாம். நல்ல கால் இருப்பவனுக்கு அரைநாளுக்குள் போய்த் திரும்புகிற தூரம். டார்லா கடைசியாக அந்த வழியில் ஏறியபோது அவளுக்கு முடி நரைக்கவில்லை.

அவள் உடுத்துவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தோலை ஒட்டி மெல்லிய கம்பளி. அதன்மேல் ஒரு மெல்லிய சட்டை. மேலே மழைச்சட்டை. அவ்வளவுதான். தடித்த கோட்டு பைக்குள் போயிற்று, நனையாத உறைக்குள். வெர்லினுக்குப் பொறுக்கவில்லை.

"கோட்டப் போட்டுக்கோ. வெளிய பாரு."

"போட்டுக்கிட்டு ஏறினா வேர்க்கும். வேர்த்தது காயாது. நின்னவுடனே அதுவே ஐஸாயிடும். குளிரோட கெளம்பணும்."

"இதத்தான் தெனம் கேக்கறேன்."

"அப்புறம் ஏன் கேக்கற?"

உலர்ந்த காலுறை, இரண்டாவது கையுறை, கம்பளித் தொப்பி எல்லாம் பிளாஸ்டிக் உறைகளில் கட்டினாள். சின்ன அடுப்பு, சர்க்கரை. எல்லிஸின் பொட்டலத்தைக் கிழித்து அந்தப் பெரிய ஸ்லீப்பிங் பேக்கை அடியில் திணித்தாள். பிறகு அலமாரியிலிருந்து தன்னுடையதையும் எடுத்து அதன்மேல் வைத்தாள். வெர்லின் அதைப் பார்த்துவிட்டான். அவள் இன்றைக்குத் திரும்பப்போவதில்லை என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. போய் வேனைக் கிளப்பினான்.

இதற்குப்பின் நடந்ததெல்லாம் டார்லா கொஞ்சமாகவும், மேலே கொட்டகையில் இருந்த, பிக்கிள் என்று பட்டப்பெயர் கொண்ட பெண் பின்னால் போனில் நிறையவும் சொன்னது.

ஓடைக்கரையில் மழை பெய்தது. டார்லா மழைச்சட்டையின் அக்குள் ஜிப்புகளைத் திறந்துவிட்டு, தொப்பியில்லாமல் ஏறினாள். இரண்டு கைக்கோல்களில் உடம்பைத் தூக்கித் தூக்கி வைத்தாள். பத்தடிக்கு ஒருமுறை நிற்க வேண்டும் என்று தோன்றும், நின்றால் குளிரும், அதனால் நிற்காமல் மெதுவாகப் போனாள். பாதி வழியில் மழை மாறி மணல்போல முகத்தில் அடித்தது. ஜிப்புகளை மூடித் தொப்பியைப் போட்டுக்கொண்டாள். இன்னும் மேலே ரோடோடெண்ட்ரான் புதர்களின் இலைகள் ஒவ்வொன்றும் பீடிபோலச் சுருண்டு தொங்கின. அந்த இலை அப்படிச் சுருண்டால் எவ்வளவு குளிர் என்று எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். கையுறை நனைந்துவிட்டது. உலர்ந்ததை எடுக்க ஆசைதான். எடுக்கவில்லை. நடக்கும்வரை நனைந்தது போதும்.

வெளிச்சம் மங்கத் தொடங்கும்போது கொட்டகை தெரிந்தது. உள்ளே ஒரு கணவன் மனைவி, இரண்டு மாணவர்கள், பிக்கிள். பச்சை மழைச்சட்டை போட்ட, விஸ்கான்சின் பக்கத்துப் பெண். திறந்த பக்கத்தில் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயோ, டார்லாம்மா! நீங்களா? இங்க என்ன பண்றீங்க?"

"ஸ்டாம்ப் எங்க?"

"பின்னாடி வர்றாரு. மொட்டைக்கு அந்தப் பக்கம் பாத்தோம். உக்காந்திருந்தாரு. நீங்க போங்க, நான் வர்றேன்னாரு."

"எப்ப?"

பிக்கிள் மற்றவர்களைப் பார்த்தாள். யாரும் சரியாகச் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் என்றான் ஒரு மாணவன். ரொம்ப நேரமாச்சு என்றாள் அந்த மனைவி.

டார்லா பலகையில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டாள். தன் பையிலிருந்து தடித்த கோட்டையும் உலர்ந்த கையுறையையும் எடுத்துச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு மேலே திரும்பினாள்.

"இருங்க, நானும் வர்றேன்" என்று பிக்கிள் பின்னால் ஓடினாள். "நீங்க நொண்டறீங்க."

"நான் பொறந்ததுலேர்ந்து நொண்டறேன். பேசாம வா."

மொட்டையில் காற்று ஆளைச் சாய்த்தது. புல் தெரியவில்லை. பிக்கிள் முன்னால் போனாள். முகட்டைத் தாண்டி மரங்கள் தொடங்கும் இடத்தில் அவர் ஒரு பாறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மழைச்சட்டை திறந்து கிடந்தது. உள்ளே அந்தச் சாம்பல் நிறப் பருத்திச் சட்டை. நடந்த வேர்வையில் ஊறி, மழையில் ஊறி, விளிம்பெல்லாம் விறைத்திருந்தது. ஜிப்பை ஏற்ற முயன்றுகொண்டிருந்தார். விரல்கள் ஜிப்பைத் தொட்டன, பிடிக்கவில்லை. மறுபடி தொட்டன.

"எல்லிஸ்" என்றாள் டார்லா.

"ஒரு நிமிஷம். இத மட்டும் போட்டுட்டு வந்துடறேன்." சொற்கள் குடித்தவன் பேசுவதுபோலக் குழறி வந்தன. "நீங்க தெரு மாறி வந்துட்டீங்களா?"

பிக்கிளுக்கு அழுகை வந்துவிட்டது. டார்லா அவளிடம், "அப்புறமா அழு. அவரு காலணியப் பாரு, கயிறு அவுந்திருக்கு" என்றாள். இருவருமாக அந்தப் பருத்திச் சட்டையை அங்கேயே கழற்றி எறிந்தார்கள். டார்லா தன் கோட்டை அவருக்கு மாட்டி, மழைச்சட்டையை மேலே போட்டு ஜிப்பை ஏற்றினாள். உலர்ந்த கையுறைக்குள் அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். பிக்கிள் அவருடைய பையைத் தன் முதுகில் மாட்டிக்கொண்டாள்.

"எழுந்திருங்க."

"கொஞ்சம் ஒக்காந்துட்டு..."

"உங்களுக்கு ஒரு பார்சல் வந்திருக்கு. கையெழுத்துப் போடணும். எழுந்திருங்க."

எழுந்தார். நாற்பது வருஷப் பழக்கம்தான் எழுப்பியிருக்க வேண்டும் என்று பிக்கிள் பின்னால் சொன்னாள்.

கொட்டகைக்கு வந்து சேரும்போது இருட்டிவிட்டது. கணவன் மனைவி எழுந்து சுவரோரம் இருந்த நல்ல இடத்தை விட்டுக்கொடுத்தார்கள். நனைந்ததையெல்லாம் உரித்து, அவர் பையில் நனையாமல் இருந்த தூங்கும் துணியைப் போட்டு, அந்தப் பெரிய ஸ்லீப்பிங் பேக்குக்குள் அவரை இறக்கி ஜிப்பை மூடினார்கள். டார்லா அடுப்பில் தண்ணீர் காய்ச்சிப் பாட்டிலில் ஊற்றி, காலுறைக்குள் போட்டு அவர் நெஞ்சில் வைத்தாள். சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். முதலில் அவர் உடம்பு ஆடவே இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. பிறகு பலகை அதிரும்படி நடுங்கத் தொடங்கினார்.

"ஆடுங்க, நல்லா ஆடுங்க" என்றாள். அப்போதுதான் அவள் உட்கார்ந்தாள்.

வெகுநேரம் கழித்து அவர் தெளிவாகப் பேசினார்.

"இது என் பைதான?"

"உங்கதுதான்."

"இத அனுப்பிட்டேனே."

"வண்டி வரல." அவர் நெஞ்சிலிருந்து சரிந்த பாட்டிலைத் திரும்ப வைத்தாள். "போன வாரம் வந்தது டாக்வுட் குளிரு இல்ல. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன். வீட்டுக்குப் போணும்னு இருந்துச்சு."

"நீங்க வேணாம்னு சொல்லியிருந்தாலும் அனுப்பியிருப்பேன்."

"அனுப்பியிருக்கமாட்டீங்க."

தார்ப்பாய் படபடத்தது. பிறகு, "என் மக கரோலினுக்கு ஒரு வாக்குக் குடுத்திருக்கேன்" என்றார். "எவனாவது வந்து என்னத் தூக்கிட்டுப் போற நெலம ஒரு தடவ வந்தாலும் வீட்டுக்குத் திரும்பிடுவேன்னு. அதனாலதான் விட்டா. இது அந்தக் கணக்குல சேருமா?"

"எனக்கென்ன தெரியும்? நான் ஒரு பொட்டலத்தக் கொண்டாந்து குடுத்தேன்."

"மொட்டைக்கு மேலயா குடுப்பாங்க?"

"உங்க தபால் ஆபீசு சட்டம் எனக்குத் தெரியாது. தூங்குங்க."

அவள் தூங்கவில்லை. கைவிளக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அவர் மூச்சு மாறும்போதெல்லாம் எழுந்து பார்த்தாள். பார்த்துவிட்டுப் படுப்பதற்கு முட்டி மடங்கவில்லை, அதனால் விடியும்வரை சுவரில் சாய்ந்தே இருந்தாள்.

காலையில் காற்று நின்றிருந்தது. பனி மூடிய மரங்கள் வெயிலில் சொட்டத் தொடங்கின. பிக்கிளும் மற்றவர்களும் வடக்கே கிளம்பினார்கள். பிக்கிள் எல்லிஸைக் கட்டிக்கொண்டாள். டார்லாவைக் கட்டிக்கொள்ள வந்தபோது அவள், "உன் ஸ்வெட்டர வீட்டுக்கு அனுப்பினியா?" என்று கேட்டாள். இல்லை என்றாள் பிக்கிள். "அப்பச் சரி" என்று கட்டிக்கொள்ளவிட்டாள்.

கொட்டகைக்கு முன்னால் வழி பிரியும். இடது பக்கம் வடக்கு. வலது பக்கம் கிளைவழி, கீழே வெர்லின். எல்லிஸ் பையை மாட்டிக்கொண்டு நின்றார். கை விரல் நுனிகள் வெளுத்து மரத்திருந்தன. மற்றபடி நன்றாகத்தான் இருந்தார். வெயில் வேறு அழகாக அடித்தது. யாரையும் எதற்கும் ஒப்புக்கொள்ள வைக்க டார்லாவிடம் தெம்பு மிச்சமில்லை. கோல்களை ஊன்றிக்கொண்டு அவள் பாட்டுக்கு வலது பக்கம் இறங்கத் தொடங்கினாள்.

கொஞ்சதூரம் போனபின் பின்னால் காலடி கேட்டது.

இறங்குவதுதான் முட்டிக்குக் கொடுமை. பனி உருகி வழி முழுவதும் சேறு. ஒவ்வொரு படிக்கும் அவள் பக்கவாட்டில் திரும்பி, கோலை முதலில் இறக்கி, பிறகு காலை இறக்கினாள். எல்லிஸ் அவளை மெதுவாகத் தாண்டி முன்னால் போய், ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றார். ஒரு திருப்பத்தில் கையை நீட்டி, "அந்தப் பையக் குடுங்க" என்றார்.

"உங்க கையப் பாருங்க. உங்களால தண்ணிப் பாட்டிலே தொறக்க முடியல."

"தோள்ல மாட்ட வெரலு எதுக்கு? குடுங்கம்மா."

கொடுத்தாள். அவர் இரண்டு பைகளோடு முன்னால் போனார். வழுக்கும் இடங்களில் நின்று, "இங்க வேணாம், அந்தக் கல்லுல கால் வைங்க" என்று சொல்லிக்கொண்டே போனார்.

கம்பிக்கதவுக்கு அந்தப் பக்கம் வேன் நின்றிருந்தது. வெர்லின் ராத்திரி முழுக்க அங்கேயே கிடந்திருக்கிறான். கண்ணாடி உள்பக்கம் வேர்த்திருந்தது. இறங்கி ஓடி வந்தவன் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். எல்லிஸின் தோளில் இரண்டு பைகள்.

"யாரு யாரக் காப்பாத்தினது?"

"கதவத் தொற" என்றாள் டார்லா.

முன் இருக்கையில் ஏற அவளுக்குக் கால் தூக்கவில்லை. இரண்டு கைகளாலும் முட்டியைப் பிடித்துத் தூக்கி உள்ளே வைத்தாள். வெர்லின் கதவை மூடிவிட்டு ஒரு நொடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு வந்து வண்டியை எடுத்தான்.

பள்ளத்தாக்கு திறக்கும் இடத்தில் எல்லிஸின் கைபேசி தொடர்ந்து சத்தம் போட்டது. எடுத்து வெகுநேரம் பார்த்தார். மரத்த விரலால் இரண்டு மூன்று முறை தப்பாக அழுத்தி, கடைசியில் சரியாக அழுத்தினார். வெர்லின் வானொலியை அணைத்தான்.

"கரோலின், நான்தான்மா... ஆமா, பனி. நல்லாத்தான் இருக்கேன்... இல்ல. நானா வரல. ஒருத்தங்க மேல வந்து என்ன எறக்கிக் கூட்டிட்டு வந்தாங்க... ஆமா, அப்படித்தான் சொல்லணும். அந்தக் கணக்குதான்."

அந்தப் பக்கம் அவள் பேசியது நீண்டது. அவர் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கைபேசியை மடியில் வைத்தார்.

"என்ன சொல்றா?" என்றான் வெர்லின்.

"வீட்டுக்கு வர்றதப்பத்தி நாளைக்குப் பேசலாங்கறா. மொதல்ல போய்த் தூங்குங்கன்னு சொல்றா."

டார்லா கண்ணைத் திறக்காமல், "நல்ல பொண்ணு" என்றாள். பாலம் வரும்போது அவள் தூங்கியிருந்தாள். வெர்லின் கடைப் பக்கம் திரும்பாமல் நேராக வீட்டுக்கு விட்டான்.